பரீட்சை வருஷத்துச் சட்டம்

எனக்கு வாய்த்த வீட்டுக்காரர்கள் ஏழு பேர். முதல் ஆறு பேரும் என்னைக் கேள்வி கேட்டே சாகடித்தவர்கள். வீட்டில் எத்தனை உருப்படி, ஊரிலிருந்து விருந்தாள் வருமா, ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்று கேட்டார்கள். ஏழாவதாக வந்த மஹ்மூதா பீவி மட்டும்தான், வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி என்று வாடகைக்கு வந்தவனிடமே கேட்டவர்.

அவர் மேலப்பாளையத்துக்காரர். பத்தொன்பது வயதில் கல்யாணம். எட்டு மாதத்தில் கணவர் ஹாஜா குவைத்துக்குக் கிரேன் ஓட்டப் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார், போவார். பிள்ளை இல்லை. பெருமாள்புரத்தைத் தாண்டி, உடைமரங்களை வெட்டி மனை போட்ட இடத்தில் ஒரு வீடு மட்டும் மெதுவாக எழும்பியது. கட்டி முடித்தபோது அதில் குடியிருக்க ஆள் இல்லை. ஒற்றைப் பொம்பளை அந்தக் காட்டில் எப்படி இருப்பது என்று அவர் தம்பி வீட்டிலேயே இருந்துகொண்டார். பூட்டிப்போட்டால் கறையான் அரித்துவிடும் என்று யாரோ சொன்னதால் வாடகைக்கு விடத் துணிந்தார்.

1990 தை மாதம் நான் மனைவி ராஜேஸ்வரியோடு வீடு பார்க்கப் போனேன். பாளையங்கோட்டையில் அரசாங்க குமாஸ்தா நான். பதினான்கு வருஷத்தில் ஆறு வீடு மாறி, பெட்டி கட்டுவதிலேயே பாதி ஆயுள் போயிருந்தது. மஹ்மூதா பீவி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. நான் இதுக்கு முன்ன வாடகைக்கு விட்டதில்ல. உங்ககிட்ட நான் என்னவெல்லாம் கேக்கணும்?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய வக்கீல் மாதிரி ஆரம்பித்தேன். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கச் சொல்லியிருந்தார்கள் அவருக்கு. ஐந்துதான் வழக்கம் என்றேன். மோட்டார் ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது? வீட்டுக்காரர்தான் என்றேன். வெள்ளையடிப்பது? அதுவும் வீட்டுக்காரர். பத்திரம் எழுத வேண்டுமா? நம்பிக்கைதான் முக்கியம் என்றேன். முழுப் பொய் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் என் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மனதில் வாங்கிக்கொண்டார்.

"பின்பக்கத்து ரூமை மட்டும் பூட்டி வச்சிக்கிடுதேன் அண்ணாச்சி. கட்டில், பீரோ, இவங்க அனுப்பின சாமானெல்லாம் கிடக்கு."

சரி என்றேன். கடைசியாக ஒன்று கேட்டார். அதை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவங்க திடீர்னு வேலைய விட்டுட்டு வந்துட்டா, உங்கள எப்படி போகச் சொல்லது? அதுக்கு என்ன முறை?"

போன வருஷம் என் மகள் விஜயஸ்ரீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது எங்களைக் காலி செய்ய வைத்தார்கள். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் அவள் மாட்டுவண்டியில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை. இப்போது அவள் பிளஸ் ஒன். அடுத்த வருஷம் மறுபடியும் பொதுப் பரீட்சை.

"மூணு மாசம் முன்ன சொல்லணும். ஆனா வீட்டுல பொதுப் பரீட்சை எழுதுத பிள்ளை இருந்தா, பரீட்சை முடியுத வரைக்கும் கிளப்பக் கூடாது. சட்டத்துலயே இருக்கு" என்றேன். நாக்கு கொஞ்சமும் பிசகவில்லை.

"அப்படியா? எனக்குப் பிள்ளை இல்ல, இதெல்லாம் தெரியாது. நல்ல சட்டம்தான்" என்றார் அவர்.

ராஜேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஜன்னல் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் மாதம் குவைத்துக்குள் ஈராக் ராணுவம் புகுந்தது. ஐம்பது நாளாக ஹாஜாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மஹ்மூதா பீவி தினமும் சாயங்காலம் வந்து எங்கள் டிவியில் செய்தி பார்ப்பார். அவருக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. கூட்டம் கூட்டமாக ஆட்களைக் காட்டும்போது மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து முகங்களைத் தேடுவார். அந்த நாட்களில் எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. வருத்தத்தில் பாதி, ஹாஜா வந்துவிட்டால் வீடு போய்விடுமோ என்பதில் பாதி.

செப்டம்பர் கடைசியில் ஹாஜா ஜோர்டான் வழியாக ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தார். பதினைந்து வருஷ உழைப்பில் மிச்சம் அந்தப் பையும் இந்த வீடும்தான். தம்பி வீட்டில் இரண்டே அறை, ஆறு பேர். பத்து நாளைக்கு மேல் அங்கே தாக்குப்பிடிக்க முடியவில்லை. மஹ்மூதா பீவி வந்து வாசலில் நின்றபோது, காலி செய்யச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, அந்தப் பூட்டின ரூம்ல நாங்க ரெண்டு பேரும் வந்து இருந்துக்கிடலாமா? அதுக்குச் சட்டத்துல இடமிருக்கா?"

நான் கொஞ்சம் யோசிப்பது போல் இருந்துவிட்டு, "இருந்துக்கிடுங்க" என்றேன். அவருடைய வீட்டில் அவர் இருக்க நான் அனுமதி கொடுத்தேன்!

அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் குடித்தனக்காரர் போல் ஆகிவிட்டார். குளியலறையை எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். நான் ஆபீசுக்குப் போன பிறகு என்றேன். குவைத் வெயிலில் கறுத்துப்போன அந்த மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்பது மணி வரை பின்வாசலில் காத்திருப்பார். நாங்கள் சைவம் என்பதால் அவர்கள் மீன் வாங்கவே இல்லை. தோன்றினால் ஹாஜா மச்சினன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார். கல்யாணமான அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் நீண்ட நாள் சேர்ந்தாற்போல் இருந்தது அந்த ஆறு மாதம்தான். அதையும் ஒரே அறைக்குள், ஸ்டவ் புகையில், விஜயஸ்ரீ படிக்கிறாளே என்று குரலை அடக்கி அடக்கிக் கழித்தார்கள்.

ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் ஹாஜாவின் குரல் கேட்டது.

"பைய, காலி பண்ணச் சொல்லிப் பாரேன். நம்ம வீடுதானே?"

"சட்டம் அப்படி மச்சான். அண்ணாச்சி முதல்லயே எல்லாம் விவரமா சொல்லிட்டாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ராஜேஸ்வரி குழம்பை ஊற்றாமலே கேட்டாள்.

"அப்படி ஒரு சட்டம் நெசமாவே இருக்கா?"

"இருக்கும்" என்றேன். அவள் குழம்புச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு வீடு தேடினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. தச்சநல்லூரில் ஒன்று பார்த்தேன். அந்த வீட்டுக்காரர் பழைய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். எனக்குச் சலித்துப்போனது. மறுபடியும் பெட்டி கட்டவும், மறுபடியும் அந்தப் பிள்ளையைப் புத்தகத்தோடு வண்டியில் ஏற்றவும் என் உடம்பில் தெம்பில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றே நாள் போனது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஜா வேலை கேட்டு ஜங்ஷன் பக்கம் போயிருந்தார். மஹ்மூதா பீவி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"தங்கச்சி, அப்படி ஒரு சட்டம் கிடையாது. நானாத்தான் சொன்னேன். நாளைக்கே சொன்னாலும் நாங்க கிளம்பணும்."

அவர் கையில் இருந்த சட்டையை மெதுவாக உதறிக் கொடியில் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"இவங்ககிட்டச் சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்றார். "நாலு மாசமா சட்டம் சட்டம்னு சொல்லித்தான் இவங்கள அமத்தி வச்சிருக்கேன். அங்கன கெடந்து கட்டுன வீட்ட, இவ ஒண்ணும் தெரியாம ஏமாந்து குடுத்துட்டான்னு இவங்க நினைச்சிரக் கூடாது. அது எனக்குத் தாங்காது. பிள்ளை பரீட்சை எழுதட்டும். நீங்க சொன்னபடியே இருக்கட்டும்."

அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். அன்றே கிளம்பியிருக்கலாம். நான் கிளம்பவில்லை. பொய் சொன்னவனுக்கு அது பொய் என்று ஒத்துக்கொள்கிற உரிமைகூட இல்லாமல் போனது. அந்த இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

விஜயஸ்ரீ கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் லாரி வந்தது. ஹாஜாவே முன்னால் நின்று எங்கள் பீரோவை ஏற்றினார். ஏற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இவளுக்கு ஒண்ணுமே தெரியாது அண்ணாச்சி. வீட்ட வாடகைக்கு விட்டா என்ன முறை, என்ன சட்டம்னு நீங்கதான் எல்லாம் சொல்லிக் குடுத்தீங்களாமே. வேற ஆளா இருந்தா ஏமாத்தியிருப்பான்."

மஹ்மூதா பீவி வாசல்படியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி கேட்டாங்க" என்றேன். "சட்டத்துல உள்ளதச் சொன்னேன்."