மூன்று ஓம்

குருநகரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்திருந்த அயர்லாந்துச் சுவாமியாரைப் பற்றி ஒரு கதை உலாவியது. குருப்பட்டம் பெறுமுன் அவர் தன் நாட்டில் துவக்குக்காரர் கூட்டமொன்றுக்குத் தலைவராக இருந்தாராம். ஆங்கிலேயருடைய பொலிஸ்காரரைச் சுட்டாராம். எங்கள் சனத்துக்கு இது போதாதா? மீன் சந்தையில் சுடப்பட்டவர்களின் தொகை வாரத்துக்கு வாரம் ஏறியது. அவரிடமே கேட்டால், "இண்டைக்குக் கச்சான் காத்தெல்லோ" என்று பேச்சை மாற்றிவிடுவார். உண்மை எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அறிந்தவர், வாந்திபேதி கண்ட வீடுகளுக்குள் மற்றவர்கள் எட்டிப் பார்க்கவும் பயந்த நாளில் போய் இருந்தவர். என் அரசாங்கக் கந்தோர் வேலைக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தந்தவரும் அவரே.

ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கியபின் அவரைப் பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். முதல் சாட்சி சுவாமியாருக்குச் சமைத்துக் கொடுக்கும் குசினிக்காரர். எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார். நான் அவரை அண்ணை என்பேன்.

துரையின் கேள்வி நீளமானது. துண்டு துண்டாகச் சொன்னேன்.

"உங்கடை சுவாமியார் தன்ரை நாட்டிலை ஒரு படைக்குத் தலைவராய் இருந்தவர்..."

"ஓம்," என்றார் அண்ணை.

"பொலிசுக்காரரைச் சுட்டவர்..."

"ஓம்."

"அதை அவரே உங்களுக்குச் சொன்னவர்..."

"ஓம்."

"உது உண்மையோ எண்டு துரை கேக்கிறார்."

"எனக்கு உதொண்டும் தெரியாது, தம்பி. குசினியைவிட நான் என்னத்தைக் கண்டன்?"

எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் கதைக்கும்போது இடையிடையே ஓம் போடாவிட்டால் மரியாதைக் குறைவு. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்பதுதான் அதன் பொருள். ஆனால் துரைக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ஓம், அதுவும் 'ஆம்' என்ற பொருளில் மட்டும். அதில் அவருக்குப் பெருமை வேறு. என் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் மூன்று முறையும் தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். தெரியாது என்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னபோது, "மூன்று முறை ஒப்புக்கொண்டவனுக்கு இப்போது பயம் பிடித்துவிட்டது" என்று புத்தகத்தை மூடினார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. துரையைத் திருத்தப் பயந்தேன். வேதக்காரனான நான் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தேன். வெட்கம் கெட்டவன்.

அடுத்த மாதமே சுவாமியாரைக் கப்பலேற்றினார்கள். கோயில் வாசலில் என் கையைப் பிடித்து, "போட்டு வாறன்" என்றார். திரும்பி வரவிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களில், எங்கோ ஒரு மடத்தில் அவர் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

அவருக்காக ஒப்புக்கொடுத்த பூசை முடிந்ததும் அண்ணை என்னை மறித்தார்.

"தம்பி, அண்டைக்கு நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை."

"நீயும் உன்னாலை ஏலுமானதைச் சொல்லித்தானே பாத்திருப்பாய்."

நான் அழுதேன். அவர் அதைச் சுவாமியாருக்கான துக்கமென்று நினைத்து, என் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார்.