அக்கா சாகாத நாடகம்

மேடையில் செத்துக் கிடந்த அக்கா, கண்ணைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்து, “பஸ் வந்துருச்சா பாரு” என்று கேட்டார். நான் அவர் மகள். நாடகத்தில்தான். அவர் மார்பில் விழுந்து அழுதபடியே, திறந்திருந்த பக்கக் கதவு வழியாகச் சாலையை எட்டிப் பார்த்து, “இன்னும் இல்லக்கா” என்று அழுகையோடு அழுகையாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நான்கு பேர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அது இறுதி ஊர்வலம். எங்களுக்கு அது அக்காவைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிடும் ஏற்பாடு. சேலைக்குள்ளேயே அவர் யூனிஃபாம் சட்டையும் நீளக்கால் சிலுவாரும் போட்டிருப்பார். மண்டபத்துக்குப் பின்னால் போய்ச் சேலையை உருவினால் போதும். முகத்தில் அப்பிய பவுடரைத் துடைக்க நேரம் இருக்காது. மேடையில் செத்த முகத்தோடேயே போய் விடிய விடிய நைட் ஷிப்ட் பார்ப்பார்.

எங்கள் நாடகக் குழுவில் எல்லாருமே இப்படிக் கூலிக்கு நேரத்தை விற்றவர்கள்தான். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது தோட்டத்தை விட்டு வந்து, மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் மலிவு வீடுகளில் குடியேறியவர்கள். குழுவை நடத்தியவர் லோரி அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவார். ஆலை வாசலில் குலை இறக்க லோரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும்போதுதான் அவருக்குக் கதை ஊறும். எழுதும் பழக்கமெல்லாம் இல்லை. ஒவ்வொருவர் வசனத்தையும் பேசிப் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்பிவிடுவார். இஞ்சின் உறுமலுக்கு நடுவே, “மகளே, நான் போய் வருகிறேன்… டேய், கொஞ்சம் முன்ன எடுடா!” என்று வரும். எது வசனம், எது முன்னால் நிற்கும் லோரிக்காரனுக்கு என்று நாங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நானா என்று கூப்பிடுவோம்; சேலை வேட்டிகளை இரவல் தருவார், நடிக்கவும் செய்வார். எந்தக் காலத்துக் கதையானாலும் அவருக்கு டாக்டர் வேடம்தான். வெள்ளைக் கோட்டு அவரிடம் சொந்தமாக இருந்தது. “கோட்டு இருக்கும்போது கொலகாரன் வேசம் எதுக்குலா?” என்பார்.

ஆண்டுக்கு ஒரு நாடகம். பொங்கல் விழாவை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மண்டபம் கிடைக்கும். அக்காவின் பஸ்ஸோ சாயங்காலமே வந்துவிடும். ஆகவே அக்கா முதல் காட்சியில் செத்தாக வேண்டும். நானா வந்து நாடி பிடித்து, உதட்டைப் பிதுக்கி, கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அக்காவை வேறு வேறு விதமாகச் சாகடிப்பதிலேயே லோரி அண்ணனுடைய பாதிக் கற்பனை தீர்ந்துபோயிற்று. மாரடைப்பு, பாம்புக்கடி, பால்மரக் காட்டில் இடி, அலோர் காஜா சாலையில் கார் மோதல் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. ஒரு வருஷம் சிறப்பு விருந்தினர் மிகவும் தாமதமாக வந்ததால், திரை விலகும்போதே அக்கா பிணமாகக் கிடந்தார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவரைப் பார்ப்பவர்கள், “இந்த வருஷம் எப்படிக்கா சாவப் போறீங்க?” என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “லோரிக்காரன் மனசு வைக்கணும்லா” என்பார்.

சிரிப்பாரே தவிர, அவரை நான் களைப்பில்லாமல் பார்த்ததே கிடையாது. நீரிழிவில் ஒரு காலை இழந்த கணவர் வீட்டில் படுத்திருந்தார். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரைக் குளிப்பாட்டி, பசியாற வைத்து, சமைத்து, துணி துவைத்து முடிப்பதற்குள் வெயில் தகரக் கூரையில் ஏறிவிடும். பகலில் தூங்குகிறவர்களைக் கண்டால் உலகத்துக்கே பொறுக்காது; காஸ்காரன் வருவான், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைப்பார்கள், சொந்தக்காரர்கள் போன் போடுவார்கள். ஒத்திகைக்கு வரும்போது அவர் கண்கள் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருக்கும். அப்படியும் ஏன் வந்தார்? நான் கேட்டதற்கு, “இங்க வந்தாதான் என்னைய யாராச்சும் படுக்கச் சொல்றாங்க” என்றார். பிணமாகப் படுப்பதைச் சொன்னார். அன்றைக்கு நான் சிரித்தேன்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று, “தம்பி, ஒரு தடவையாச்சும் என்னைய கடைசி வரைக்கும் உசுரோட வையேன்” என்றார். லோரி அண்ணன் விளையாட்டாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா விடவில்லை. “நெசமா சொல்றேன். நம்ம நாடகம் எப்படி முடியுதுன்னு நான் ஒண்ணு கூடப் பார்த்ததில்ல. நான் பெத்த புள்ளைங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்கல்லாம் கடைசில வரிசையா நின்னு கும்புடுவீங்களாமே, அதுல நான் நின்னதே இல்ல.” எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நாடகம் முடிந்து நாங்கள் எடுத்துக்கொண்ட படங்கள் எதிலும் அக்கா கிடையாது.

அடுத்த நாடகத்தை அண்ணன் அக்காவுக்காகவே அமைத்தார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், தகவலே இல்லாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய். கடைசிக் காட்சி முழுக்க அவர் பிரம்பு நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மகன் வந்து “அம்மா” என்று கூப்பிட்டதும் எழுந்து நின்று, அவனிடம் மனத்தில் உள்ளதை எல்லாம் கொட்டுவார். அந்த வசனத்தை அக்கா பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை லீவுக்குச் சூப்பர்வைசர் லேசில் சம்மதிக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்குத் தன் ஓய்வு நாள்களை விட்டுக்கொடுத்து, அந்த வாரம் முழுவதும் ஓய்வே இல்லாமல் உழைத்துத்தான் அதை வாங்கினார். ஞாயிறு காலை வேலை விட்டு வந்தவர் படுக்கவில்லை. படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயமாம். தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னதாக மண்டபத்துக்கு வந்து நின்றார்.

முதல் காட்சி முடிந்தது, அக்கா சாகவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இரண்டாம் காட்சியிலும் அவர் உயிரோடு நடமாடியபோது சிலர் கைதட்டினார்கள். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு கடைசிக் காட்சி. அவர் நாற்காலியில் சாய்ந்திருக்க, நான் காலடியில் உட்கார்ந்து, சிங்கப்பூர் போன அண்ணன் கடிதமே போடவில்லையே என்று புலம்ப வேண்டும். புலம்பிக்கொண்டிருக்கும்போதே மேலே அவர் மூச்சு மாறுவது கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் காலை மெல்லக் கிள்ளினேன். அசையவில்லை. அந்த நேரத்தில் தோளில் பையோடு, மகன் வேடத்தில் லோரி அண்ணன் உள்ளே வந்து, “அம்மா!” என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். முன் வரிசையில் ஒரு பாட்டி, “ஐயோ, போயிட்டாளே, புள்ள மொகத்த பாக்காமலே போயிட்டாளே!” என்று வாயில் அடித்துக்கொண்டார். பின்னால் எவனோ, “நான் சொல்லலை? இந்த வருஷமும் செத்துட்டாங்க” என்றான். மூக்கை உறிஞ்சும் சத்தங்கள் எழுந்தன. மேடையின் ஓரத்தில் நானா வெள்ளைக் கோட்டோடு ஒரு காலை உள்ளே வைத்து, “வரட்டா?” என்று சைகை காட்டினார். திரைக் கயிற்றைப் பிடித்திருந்தவரும் அண்ணன் முகத்தையே பார்த்தார். நானா வந்து கண்ணாடியைக் கழற்றினால் போதும், நாடகம் அமோகமாக முடிந்துவிடும்; எங்கள் நாடகங்களிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்திருக்கும். பழக்க தோஷம், நானும் ஒப்பாரிக்கு மூச்சை இழுத்துவிட்டேன்.

அண்ணன் என் தோளைப் பிடித்து அழுத்தினார். “அழாத. அம்மா தூங்குறாங்க” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “ரொம்ப நாளா சரியாத் தூங்கல. யாரும் எழுப்பிராதீங்க.” நானாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். பையை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, அக்காவின் காலடியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திரை மூடியது. ஒருவரும் கைதட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வைத்துவிட்டு, குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லாரும் மெதுவாக வெளியே போனார்கள். நன்றியுரை சொல்ல மைக்கைப் பிடித்தவரிடமிருந்து அதை நானா வாங்கி அணைத்தார்.

மண்டபக் காவலாளி மின்விசிறிகளை நிறுத்தியதும் புழுக்கத்தில் அக்கா விழித்தார். காலி மண்டபத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். “முடிஞ்சிருச்சா?” என்றார். “முடிஞ்சிருச்சுக்கா.” அக்கா தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, “நான் செத்துட்டனா தம்பி?” என்று கேட்டார். “இல்லக்கா. கடைசி வரைக்கும் உசுரோடதான் இருந்தீங்க.” அக்கா நம்பவில்லை. இத்தனை வருஷம் கொன்றவன் வாயை எப்படி நம்புவது? நானா பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க நானா. நீங்கதான டாக்டரு” என்றார். நானா கோட்டை மடித்துக்கொண்டே, “என்னைய இவன் மேடைக்கே விடலம்மா” என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சொல்லத் தவறிய வசனத்துக்காகவும் இருக்கலாம். தேற்றக்கூடத் தெம்பில்லாமல் நாங்கள் மேடையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அதுதான் எங்கள் கடைசி நாடகமாகிவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாருக்கும் தொடங்கத் தெம்பில்லை. அண்ணனுக்கு முதுகுத்தண்டு போய்விட்டது, லோரி ஏற முடிவதில்லை. நானா கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். கைப்பேசியில் குழு மட்டும் இருக்கிறது. காலை வணக்கமும் மரணச் செய்தியும் வருகின்றன. சென்ற மாதம் அண்ணனை ஏற்றிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். கணவர் காலமாகி, வேலையும் நின்று, செர்காமில் மகள் வீட்டில் இருக்கிறார். இப்போது இரவில் தூங்குகிறாராம். பேத்தி அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்த நாடகக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிங்கப்பூர் மகன் வாசலில் வந்து நிற்கும் இடம்.

“அப்புறம் பாட்டி?”

“அப்புறம் என்ன, நான் வெடுக்குனு எந்திரிச்சேன். இத்தன வருஷம் எங்கடா போனேன்னு கேட்டு, கன்னத்துல ஒண்ணு விட்டேன் பாரு!”

பேத்தி அண்ணனைத் திரும்பிப் பார்த்து, “நெசமாவா தாத்தா?” என்றாள்.

அண்ணன் முதுகைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமாலா” என்றார், கன்னத்தைத் தடவிக்கொண்டு. “ரெண்டு நாளைக்கு வலிச்சிச்சு.”