மாப்பிள்ளைக்குப் பல் பார்த்த கதை

மூன்றாவது முறையாக என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சரவணம்பட்டி ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுக் காங்கேயத்துக்கு பஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல். அவர்கள் சரியென்று சொன்னால் அன்றைக்கே உறுதி செய்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் மாடு வளர்க்கிறோம். வாங்க வருகிறவர்கள் முதலில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு உடம்பில் சுழி எங்கெங்கே இருக்கிறதென்று தேடுவார்கள். கடைசியில் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். அப்பாவும் இதெல்லாம் பார்க்காமல் ஒரு கன்றுகூட வாங்கியதில்லை.

மாப்பிள்ளையின் அத்தை காபி டம்ளரைக் கையில் வாங்கியதுமே, "அம்மணி, அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டு" என்றார். நடந்தேன். "சடையை அவுத்து உடு கண்ணு, சவுரியான்னு பாத்துக்கறோம்." அவிழ்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. "கொஞ்சம் சிரி, பல்வரிசை பாக்கோணும்" என்றதும் பொறுமை போய்விட்டது.

கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும். மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, நீங்களும் கொஞ்சம் வாயத் தொறக்கறீங்களா? எத்தன பல்லுன்னு பாத்துக்கறமுங்க. சுழி அப்பறமாப் பாத்துக்கலாமுங்க."

இத்தனை 'ங்க' போட்டுக் கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் மறுக்க வராது. அந்த அப்பாவி மனிதர் திறந்துவிட்டார். நன்றாகவே திறந்தார். அதைவிடக் கூத்து, பழக்க தோஷத்தில் அப்பா எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது? ஊடா, மாட்டுச் சந்தையா?" அத்தை டம்ளரை வைத்த வேகத்தில் காபி சிந்தியது.

"நானும் அதத்தானுங்க அப்ப இருந்து யோசிச்சுட்டிருக்கறேன்."

அடுப்படியில் அம்மா அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. ஐந்து நிமிடத்தில் கார் கிளம்பிவிட்டது. ஜெயித்த சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்த அப்பா என்ன சொல்வாரோ என்று பயமாகவும் இருந்தது. அவர் கேட்டைச் சாத்திவிட்டு நிதானமாக வந்தார்.

"கடவாயில ரெண்டு சொத்தை அம்மணி. இனிமே வாரவங்கள மொதல்ல நீ பாத்துச் சொல்லு" என்றார்.