மச்சானின் ஈரலைத் தட்டிப் பார்த்தார்கள்

இன்று காலை நானும் அக்காவும் மச்சானைப் பதுளைக்கு அழைத்துப் போனோம். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன். பல வருடச் சாராயத்துக்கு ஒரு விசாரணை.

திகதி கிடைத்த நாளிலிருந்து மச்சான் ஒரு சொட்டும் தொடவில்லை. கடைசி நேரத்தில் படித்தே பாஸான பரம்பரை.

ஊசியெல்லாம் இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து மெல்லத் தட்டினார் டொக்டர். அந்த அதிர்வு ஈரலுக்குள் வேகமாக ஓடினால் இறுகிவிட்டது என்று அர்த்தமாம். மெதுவாக ஓடினால் மிருது.

"பலாக்காயத் தட்டிப் பாக்குற மாதிரில்ல இருக்கு," என்றாள் அக்கா.

"சத்தம் போடாத புள்ள. அது பாட்டுக்கு மெதுவா ஓடட்டும்," என்றார் மச்சான்.

டொக்டர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "கொழுப்பு கொஞ்சம் இருக்கு. இறுக்கம் இல்ல. இப்பவே குடிய நிப்பாட்டினா தப்பிச்சிருவீங்க."

இந்த மூன்று வாக்கியங்களில் நடுவில் இருந்தது மட்டும் மச்சானுக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போதே மச்சான் கண் கலங்கிவிட்டார். "பஞ்சு மாதிரி இருக்காம் புள்ள! இதக் கொண்டாட வேணாமா?" என்றவரின் பார்வை எதிரே இருந்த வைன் ஸ்டோர்ஸ் பலகையில் நின்றது.

"கொண்டாடாம? வாங்க," என்று அக்கா கையைப் பிடித்து இழுத்துப் போனாள், பக்கத்துத் தேநீர்க் கடைக்கு. "அண்ணே, சீனி போடாம மூணு பிளேன்டீ!"

அதைக் குடித்த மச்சானின் முகத்தைப் பார்த்ததால் கேட்கிறேன். ஈரலுக்குத் தெரியாமல் நல்ல செய்தியைக் கொண்டாடும் வழி அறிந்தவர்கள் கீழே எழுதவும்.

அக்காவும் இதைப் படிக்கிறாள் என்பதை நினைவில் வைத்து எழுதவும்.