அப்பாவின் காலைச் சுற்றி ஒரு கோடு

பேனாவைத் தூக்காமல் வரையும் பழக்கம் எனக்குப் பஸ்ஸில் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் கொப்பியை மடியில் வைத்து முன்னால் இருப்பவர்களை வரைவேன். பஸ் குலுங்கும். பேனாவை ஒரு தடவை தூக்கிவிட்டால் மறுபடி அதே இடத்தில் வைக்க முடியாது. அதனால் தூக்குவதையே விட்டுவிட்டேன். ஒருவருடைய காதில் தொடங்கிக் கன்னம், மூக்கு, கழுத்து, தோள்பை, கம்பியைப் பிடித்திருக்கும் கை என்று ஒரே கோடாகப் போய், இறங்கும் இடம் வந்ததும் நிறுத்துவேன்.

இந்த வரைதலில் அழிக்க முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. கண் போகும் வேகத்திலேயே கையும் போக வேண்டும். கண் எதையாவது பார்க்காமல் தாண்டினால் கோடும் தாண்டிவிடும். ஆனால் கோடு எங்கேயும் அறுபடாததால் தாண்டியது வெளியே தெரியாது. படம் முழுசாக, அழகாகவே இருக்கும். அதுதான் இதன் சிறப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதங்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. கிளினிக்கில் தாதி மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெறுங்காலோடு நடக்கக் கூடாது, காலுக்கு அளவெடுத்து மெத்தென்ற சப்பாத்து செய்துபோட வேண்டும். டவுனில் அப்படிச் செய்யும் கடை ஒன்றை விசாரித்து வைத்தேன். அப்பா வர மறுத்தார்.

“சப்பாத்துக்காக ஒரு நாள் வேலைய விடவா? நீதான் படம் கீறுற மாஸ்டராச்சே. என் காலக் கீறிக் கொண்டு போ.”

டவுனுக்கு வர முடியாதவர்கள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பிச் செருப்பு வாங்குவது எங்கள் பக்கம் வழக்கம்தான். வீட்டில் இருக்கும் பென்சில் துண்டால் யாராவது கோணல்மாணலாக வரைந்து கொடுப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய டிமைத் தாள் கொண்டுவந்தேன். சீமெந்துத் தரையில் விரித்து, அப்பாவைக் கதிரையில் இருத்தி, வலது காலை முதலில் வைக்கச் சொன்னேன்.

“நிக்கவா?” என்று அப்பா கேட்டார்.

“வேணாம்பா. நின்னா கால் ஆடும். கோடு கெட்டுப்போகும்.”

குதிகாலில் தொடங்கினேன். உள்பக்கமாக வந்து, பெருவிரலைச் சுற்றி, ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுக்கொண்டு சின்னவிரலுக்கு வந்தேன். அப்பாவின் சின்னவிரலுக்குக் கீழே எலும்பு முண்டாகத் துருத்திக்கொண்டிருக்கும். தோட்டத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது கல் விழுந்து உடைந்து, கோணலாக ஒட்டிய எலும்பு. என் கோடு அந்த இடத்தில் முழுதாக வெளியே போகவில்லை. ஒரு மெல்லிய வளைவாக இறங்கிக் குதிகாலுக்குத் திரும்பித் தொடங்கிய புள்ளியிலேயே போய்ச் சேர்ந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. கை அப்படித்தான் போனது. பார்க்க மிக அழகாக இருந்ததால் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா. தாளை விரித்துப் பார்த்துச் சிரித்தார்.

“ஒங்கட அப்பாட காலா மாஸ்டர் இது? பொம்புளப் புள்ளட கால் மாதிரி ஈக்கி.”

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

“ஆளை நிக்கவெச்சுத்தானே எடுத்த? நிண்டாத்தான் கால் விரியும். சீனிக்காரங்கட சப்பாத்து ஒரு நூல் கூடினாலும் பரவாயில்ல. கொறையப்படாது.”

“ஆமா, நிக்க வெச்சுத்தான்” என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மறுபடி வரைந்து கொண்டுவர வேண்டுமே என்ற அலுப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கோட்டைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

சப்பாத்து வந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வரிசையான லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார்.

“என்னண்ணே, தொரை மாதிரி போறீங்க, ஒரு கும்பிடு போடவா?” என்று ஒருவர் கேட்டார்.

“போடேன்டா. என் மகன் அளவெடுத்த சப்பாத்துடா இது.”

இறுக்குகிறதா என்று நான் கேட்டேன். பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். எதுவும் தெரியாத காலுக்குப் பஞ்சும் கல்லும் ஒன்றுதான் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

இரண்டு வாரத்தில் அம்மா காலுறையில் ஈரத்தைக் கண்டார். பிறகு வாடை வந்தது. அப்பா யாருக்கும் சொல்லாமல் ஏதோ பவுடரைப் போட்டு மறைத்திருக்கிறார். இடையில் ஒரு நாள் வெறுங்காலோடு, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போய்விட்டு வந்ததை அம்மா பார்த்திருந்தார். அங்கே கல் குத்தியிருக்கிறது என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அப்பாவும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் பேசினார். என்னைவிட ஓரிரண்டு வயது கூடிய பெண். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்கள் சொன்னார். எலும்புவரை சீழ் போயிருக்கிறது. சின்னவிரலை உடனே எடுக்க வேண்டும், அதிலும் நிற்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும். மூன்றாவது, கட்டிலின் கீழே கிடந்த சப்பாத்தைக் கையில் எடுத்து, அதன் ஓரத்தைப் புண்ணோடு பொருத்திக் காட்டி, இந்தச் சப்பாத்துதான் அறுத்திருக்கிறது, இதற்கு யார் அளவெடுத்தது என்று கேட்டார்.

அப்பாவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டையும் தமிழில் சொன்னேன்.

“அவ்வளவுதானா? நெறைய பேசுனாங்களே.”

“அவ்வளவுதான்பா.”

டொக்டருக்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வாட்டுக்கு வெளியே வந்து போனில் அந்தப் படத்தைத் திறந்தேன். சின்னவிரலுக்குக் கீழே கோடு வழுவழுவென்று இறங்கியது. முண்டு அங்கே இல்லை.

விரலை எடுத்தார்கள். அடுத்த மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அம்மா பகலெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டார், பகலெல்லாம் ஏசிக்கொண்டும் இருந்தார். “புள்ள ஆசையா செஞ்சு குடுத்த சப்பாத்தக் கழட்டிப்போட்டுட்டுப் பீலிக்குப் போனீங்கல்ல. இப்ப போங்களேன் பாப்போம்.” அப்பா குனிந்து காலின் கட்டைத் தடவிக்கொண்டிருப்பார். சில நேரம், “விடு புள்ள, என் கொழுப்புத்தான்” என்பார். நான் அடுத்த அறையில் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் வரைவதையும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். நான் எழுந்து போனேன்.

“அம்மா, பீலியில ஒன்னும் நடக்கல. சப்பாத்து இறுக்கம். நான்தான் அளவு தப்பா எடுத்தேன். நிக்க வெக்காம எடுத்துட்டு, கடையில பொய் சொன்னேன். டொக்டர் அன்னைக்கே சொன்னாங்க. நான் ஒங்க ரெண்டு பேருக்கும் சொல்லல.”

அம்மா துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

அப்பா சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். “வெளியில சொல்லிராத” என்றார்.

“ஏன்பா?”

“லயத்துல ஒரு கடுதாசி வந்தா ஒன்கிட்டதானே கொண்டு வாறாங்க. பெத்த அப்பன் கால அளக்கத் தெரியாதவன்கிட்ட யாரு வருவா? காலு போனது போச்சி. அதுவும் போகணுமா?”

“அதுக்காக நீங்க ஏச்சு வாங்கணுமாப்பா?”

“எனக்கு என்ன, பழகிருச்சி.”

அம்மா என்னைப் பார்த்தார். “படிக்க வெச்சதுக்கு…” என்று தொடங்கினார். பேசினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

அன்று பின்னேரமே பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா ஒரு படிவத்தோடு வந்தார். மகளுக்கு ஏதோ உதவிப்பணம் கிடைக்குமாம், நிரப்பித்தர வேண்டும் என்றார். அப்பாவின் காலைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிப்போனது.

“என்னண்ணே, வெறுங்காலோட திரிஞ்சீங்களாமே?”

“ஆமா தாயி. சொன்னாக் கேட்டாத்தானே” என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

“தம்பி பக்கத்துல இருந்து பாத்ததாலதான் உசுராவது மிஞ்சிச்சி. படிச்ச புள்ள ஒன்னு வீட்டுல இருக்கணும்.”

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அம்மா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடி கேட்டது. நான் அக்காவிடம் அடையாள அட்டையை வாங்கி, இலக்கத்தை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன்.