ரெய்னோவின் பலகைப்பாதை

சனிக்கிழமை மாலை சவ்னாக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது ரெய்னோ ஹாப்பலா அவித்த பீட்ரூட் நிறத்தில் இருப்பார். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஆவி. கதவைத் தாண்டியதும் ஓட ஆரம்பிப்பார். எழுபதைக் கடந்தவர் ஓடுவது ஓட்டம்தானா என்று வாதிக்கலாம். நடை இல்லை என்பது நிச்சயம். பலகைப்பாதை தடதடக்கும், நடுவழியில் மூச்சு வாங்கும், கடைசிப் பலகையில் துண்டை உதறிவிட்டுக் குளத்தில் விழுவார். "இப்பத்தான் மனுசன் ஆனேன்" என்று தண்ணீரிலிருந்து குரல் வரும்.

"வாரா வாரம் ஆகி என்ன பிரயோசனம்? ஞாயித்துக்கிழமையே பழையபடி ஆயிடறியே" என்பார் சவ்னாவுக்குள்ளிருந்து அவர் மனைவி ஹில்யா.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் வீட்டைக் கட்டும் முன்பே சவ்னாவைத்தான் கட்டுவார்கள், அதையும் தண்ணீர் ஓரமாக. சூடான கற்களில் நீர் தெளித்து ஆவியில் வேகிற அந்த மர அறையால் மட்டும் ஒரு பயனும் இல்லை. வெந்த உடம்போடு குளிர்ந்த நீரில் குதிப்பதில்தான் விஷயம். ரெய்னோவின் அப்பா கட்டியபோது கதவிலிருந்து இரண்டு தாவலில் குளம். அடியில் மணல் தெரியுமாம். கலியாணமான வருஷம், ஹில்யாவுக்குப் பிடிக்கும் என்று வேறொரு ஏரியிலிருந்து அல்லிக் கிழங்கை வாளியில் கொண்டுவந்து போட்டார் ரெய்னோ. அவர் அழைத்து வந்தது அல்லியை மட்டும்தான். மற்றதெல்லாம் அழைப்பில்லாமல் வந்தது.

அல்லி இலைகள் வருஷா வருஷம் அழுகிப் படிந்து மணல் சேறாயிற்று. கரையோரத்துக் கோரை, தண்ணீரின் மேலேயே வேரைப் பின்னிப் பாய் விரித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தது. பாயின்மேல் தண்ணீரைக் குடித்துப் பருக்கும் பாசி, பாசியின்மேல் கிரான்பெரிக் கொடி, பூச்சி தின்னும் குடுவைச் செடி. இப்போது டாமரக் கன்றுகள் இடுப்புயரம் நிற்கின்றன. ஊசியிலை மரமாகப் பிறந்துவிட்டுக் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரம் அது; குளிரில் துண்டை உதறும் ரெய்னோவுக்குச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம்.

"ஒருத்தன் விரிச்ச பாயில அடுத்தவன் வந்து படுக்கறான். படுத்த கையோட விரிச்சவனையே தள்ளி விட்டுடறான்" என்பார். பிறகு ஹில்யாவைப் பார்த்து, "எல்லாம் அந்த அல்லி பண்ண வேலை."

"கொண்டாந்தது யாரு, நானா?"

மாவட்டச் சாலைத் துறையில் மண்வாரி இயந்திரம் ஓட்டியே ஓய்வுபெற்றவர் இவர். சாலையோரக் கால்வாயில் சம்பங்கோரை தலைகாட்டினால் வேரோடு வாரி எறிந்துவிடுவார். வீட்டுக் குளத்தில் ஒரு தண்டைக்கூடப் பிடுங்கியதில்லை. கேட்டால், "அது வேலை. இது வீடு." ஹில்யாவின் தம்பி வெய்க்கோ, ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் தோண்டிவிடலாமே என்றபோது, "தோண்டினா அது குளம் இல்ல மச்சான், குழி" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும், குளம் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பலகை சேர்ப்பார். கரைப்பக்கப் பலகைகளை எடுக்கமாட்டார். ஆரம்பத்தில் போட்டவை புல்லுக்கடியில் போய்விட்டன. காலடிச் சத்தம் மாறுவதை வைத்துத்தான் அவை இருப்பது தெரியும்.

"தண்ணிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வேர்வையே காஞ்சு போவுது. வழியில ஒரு காப்பிக் கடை போடு மச்சான்" என்பார் வெய்க்கோ. சனிக்கிழமைதோறும் அங்கே குளிக்கப் போகும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் சிரிப்போம். ரெய்னோவும் சிரிப்பார்.

போன இலையுதிர்காலத்தில் ஹில்யாவுக்கு ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அதன்பின் ஈரப்பலகையில் அவ்வளவு தூரம் போக அவரால் முடியவில்லை. சவ்னாவில் வெந்துவிட்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெய்க்கோவோ தன் சவ்னா வாசலிலேயே ஷவர் வைத்திருந்தார். ஜூலையில் ஒருநாள் ஹில்யா சொல்லிவிட்டார்: "இந்தச் சனிக்கிழமையிலேர்ந்து தம்பி வீட்டுக்குப் போறேன். நீயும் வாயேன்."

"ஷவருக்கடியில நின்னா காரைக் கழுவற மாதிரி இருக்கும்."

"அப்ப நான் மட்டும் போறேன்."

கலியாணமானதிலிருந்து அவர்கள் தனித்தனியாக வெந்ததில்லை.

சனிக்கிழமை வந்தது. வெய்க்கோ வண்டியை வாசலில் நிறுத்தி, அணைக்காமல் காத்திருந்தார். ஹில்யா துண்டுப் பையோடு வெளியே வந்தபோது, ரெய்னோ பலகையை விட்டிறங்கிக் கோரைப் பாயின்மேல் வெறுங்காலோடு நின்று குதித்துக்கொண்டிருந்தார். குதிப்பார், பக்கத்து டாமரக் கன்றைப் பார்ப்பார். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப்போய்க் குதித்தார். அங்கிருந்த கன்று தலையாட்டியது. கீழே இன்னும் தண்ணீர் இருக்கிறது, பாய் மிதக்கிறது என்று அர்த்தம். சவ்னாக் கதவிலிருந்து அந்த இடம் கூப்பிடு தூரம்கூட இல்லை, முணுமுணுத்தாலே கேட்கும்.

ஜனவரியில் குளத்து ஐஸில் குளிக்கத் துளை போடுகிற நீள ரம்பத்தை எடுத்துவந்து, அந்த இடத்தில் பாயை அறுக்கத் தொடங்கினார்.

"ரெய்னோ, ஜூலை மாசத்துல ஐஸ் அறுக்கறியா?" என்றார் ஹில்யா.

"ஆமா. மேல புல்லு மொளச்ச ஐஸ்."

துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்து ஒருபக்கம் அடுக்கினார். துளையில் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர் எழும்பி நின்றது. ஓரத்தில் ஒரு ஏணியை இறக்கிப் பலகையோடு கட்டினார். ஹில்யா மெதுவாக வந்து, பலகையில் உட்கார்ந்து, ஒரு காலை விட்டுப் பார்த்தார். உடனே இழுத்துக்கொண்டார்.

"பாவி. ஐஸ் உருகின மே மாசத் தண்ணி மாதிரி இருக்கு."

வாசலிலிருந்து வெய்க்கோ கத்தினார்: "அக்கா, வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. வர்றியா இல்லையா?"

"அணைச்சுட்டு நீ வா. துண்டு கொண்டாந்தியா?"

சவ்னா அடுப்பு அன்று தாமதமாகத்தான் காய்ந்தது. ஹில்யா ஏணியில் இறங்கிக் கழுத்துவரை கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, குளிக்க வந்த எங்களையெல்லாம் வேடிக்கை பார்த்தார். ரெய்னோ, பெயர்த்தெடுத்த பாயைக் கிரான்பெரிக் கொடியோடும் ஒரு விரல் உயர டாமரக் கன்றோடும் தள்ளுவண்டியில் ஏற்றி, பலகைப்பாதை நெடுகத் தள்ளிக்கொண்டு போனார். கடைசிப் பலகையில் மண்டியிட்டு, புல் மேலாக இருக்கும்படி ஒவ்வொரு துண்டாகத் தண்ணீர் விளிம்பில் இறக்கினார். பிறகு எழுந்து, பக்கத்துப் பாயோடு அது ஒட்டிக்கொள்ளும்வரை காலால் மெல்ல அழுத்திக்கொண்டு நின்றார்.