பியாட்ரிஸின் பேட்டிகளும் நான் வெட்டிய மௌனமும்

பியாட்ரிஸைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் ஜொகூரில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அவருடைய வேலையைக் கெடுத்ததில்லை. கெடுத்தவன் எழுதினால் விவரமாவது சரியாக இருக்கும் என்று ஆலோசகர் சங்க மலரின் ஆசிரியர் நினைத்திருக்கலாம்.

பியாட்ரிஸ் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை கிளினிக்கில் தாதியாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வயிற்றுவலி என்று வருபவர்கள் மாத்திரை வாங்கிய பிறகும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள். இவரும் எழச் சொல்ல மாட்டார். அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக் கேட்டு, வார இறுதிகளில் படித்து, மனநல ஆலோசகரானார்.

ஆன பிறகுதான் சந்தேகம் கேட்க ஆளில்லை என்பது தெரிந்தது. உளப்பகுப்பாய்வு என்பது ஒருவரை வருஷக்கணக்கில் பேசவிட்டு, மனத்தின் அடியில் கிடப்பதைத் தேடும் வேலை. அதில் ஊறிய தமிழர்கள் வெகு சிலர், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. பியாட்ரிஸ் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குப் போனார். எங்கே தடுமாறினீர்கள், யாரிடம் தோற்றீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார். பதிவில் குரல் உள்ளவர் அதைக் கேட்டுப்பார்த்துச் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏறும். அது அவர் வைத்த சட்டம். இன்று பொந்தியானிலும் சிகாமட்டிலும் தனியாக வேலை செய்யும் இளம் ஆலோசகர்களுக்கு அந்தப் பேட்டிகள்தாம் ஆசிரியர்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். மருத்துவமனை ரெக்கார்ட் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒலியைச் சுத்தம் செய்து, தலைப்பிட்டு அடுக்கித் தரும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கணினி நிரலில் ‘மௌனத்தை நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆயுள் முழுக்க நான் தேடிய பொத்தான் அது. டாக்டர் திருச்செல்வத்தின் பேட்டியில் அதை அழுத்தினேன். கிட்டத்தட்ட பாதி குறைந்தது. பெருமையாக இருந்தது. பிறகு என்னிடம் மட்டுமே இருந்த மூலப் பதிவை அழித்தேன். ஒரு நோயாளிக்கு இரண்டு ஃபைல் இருப்பது எங்கள் அறையில் குற்றம்.

டாக்டர் சிங்கப்பூரில் நெடுங்காலம் உளப்பகுப்பாய்வு செய்துவிட்டுப் பொந்தியானில் குடியேறியவர். அந்த மாதக் கடைசியில் பெர்த்திலுள்ள மகனிடம் நிரந்தரமாகப் போகவிருந்தார். திருத்திய பதிவைக் கேட்டுவிட்டு பியாட்ரிஸை அழைத்தார்.

“யாரும்மா என் குரல்ல பேசற இந்த ஆளு? கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்றான். இவன்கிட்ட என் நாயைக்கூட அனுப்ப மாட்டேன். கையெழுத்துக் கிடையாது.”

பியாட்ரிஸ் நேரே என் வீட்டுக்கு வந்தார். “அங்கிள், ஒரிஜினல் இருக்குதானே?”

“அழிச்சிட்டேம்மா. ரெண்டு இருந்தா குழப்பம் வரும்.”

“அலமாக்! அங்கிள், ஒரு பேஷண்ட காப்பாத்த முடியாம போச்சான்னு கேட்டேன். அவர் எவ்வளவு நேரம் பேசாம இருந்தாரு தெரியுமா? அதுதான் அங்கிள் பதிலே!”

என் திருத்தத்தில் அவர் “ஆமா” என்று உடனே சொல்லியிருந்தார், காப்பியில் சீனி போடலாமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

“டீ போடட்டுமா?” என்றேன்.

“கொஞ்ச நேரம் சும்மா இருங்க லா.”

சனிக்கிழமை இருவரும் பொந்தியான் போனோம். மறுபடி பேட்டி கிடைக்காவிட்டால் அந்த மனிதரின் அனுபவம் பெர்த்துக்குப் போய்விடும்.

“நீங்கதான் அந்தக் கத்திரிக்கோலா?” என்றார் டாக்டர். நான் மன்னிப்புக் கேட்டேன், மூன்று விதமாக.

“கோபமில்ல மிஸ்டர் அய்யாவு. ஆனா அதே கேள்விய மறுபடி கேட்டா நான் நடிப்பேன். அது எதுக்கு?”

பியாட்ரிஸ் கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. டாக்டர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். பியாட்ரிஸ் தரையைப் பார்த்தார். அந்த அமைதியில் தவித்தவன் நான் ஒருவன்தான். இருமினேன். மழை வரும்போல இருக்கிறது என்றேன். சாலை பழுது, பொந்தியான் மீ நூடுல்ஸ், என் ரத்த அழுத்தம், ஃபைல்களுக்கு நான் கண்டுபிடித்த வண்ணமுறை என்று வரிசையாகச் சொன்னேன். தடுப்பார் யாருமில்லை.

“பேசாம இருந்தா என்ன ஆயிரும்?” என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

“அலமாரியில காலி இடம் இருந்தா ஒரு ஃபைல் காணோம்னு அர்த்தம் டாக்டர். யாராச்சும் என்னைத்தான் கேப்பாங்க.” பிறகு, யாரும் கேட்காமலே சொன்னேன்: “சம்சாரம் போனப்புறம் வீட்ல ரேடியோவ நிறுத்துறதில்ல.”

அதற்கு மேல் என்னிடம் சரக்கில்லை. முதல்முறையாக வாயை மூடினேன். வெகுநேரம் கழித்து டாக்டர் பேச ஆரம்பித்தார். வாரந்தோறும் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனைப் பற்றி; பொறுக்க முடியாமல், ஒருநாள் தானே பேசி அவனைப் பேசவிடாமல் செய்ததைப் பற்றி; மறுவாரம் அவன் வராததைப் பற்றி. பியாட்ரிஸ் அசையவேயில்லை.

எல்லாம் முடிந்ததும் பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு, டாக்டர் சம்மதத் தாளில் கையெழுத்திட்டார். “ஒரு நிபந்தனை. எதையும் வெட்டக் கூடாது. இவர் உளறுனதும் இருக்கணும். அது இல்லாம நான் பேசுனது யாருக்கும் புரியாது.”

பியாட்ரிஸ் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என்முன் வைத்தார். பதிவில் என் குரலும் இருக்கிறதே.

ஜொகூரிலுள்ள ஆலோசகர்கள் அத்தனை பேரும் என் ரத்த அழுத்தத்தையும் ரேடியோவையும் கேட்கப்போகிறார்கள். “அந்த ரேடியோ விஷயத்த மட்டும்...” என்று ஆரம்பித்தேன். பியாட்ரிஸ் பேனாவைக்கூட நீட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தொழிற்சாலை கிளினிக்கில் எத்தனையோ பேர் எதிரில் உட்கார்ந்திருந்ததைப்போல.

என் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். தேதியைத்தான் தப்பாக எழுதிவிட்டேன்.